மூடிய குப்பைமேட்டின் வாயு: எந்த இடத்துக்கு எந்த வழி?

குப்பை கொட்டுவதை நிறுத்தி, மேலே மண் பரப்பி, புல்லும் முளைத்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பல ஊர்களில் நினைக்கிறார்கள். ஆனால் உள்ளே காற்றில்லாமல் மக்கும் குப்பை இன்னும் பல ஆண்டுகள் வாயு விடும். அதில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. மேற்பரப்பை இறுக மூடி, வாயு போக வழி வைக்காவிட்டால் அது மண்ணுக்கடியில் பக்கவாட்டில் நகர்ந்து வீடுகளுக்குள் புகும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் வெடிக்க ஒரு தீப்பொறி போதும்.

இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்தில் 1986 மார்ச் 24 அன்று அதுதான் நடந்தது. பழைய குப்பைக்குழியின் வாயு ஒரு வீட்டைத் தரைமட்டமாக்கியது. உள்ளே இருந்த மூவர் காயமடைந்தனர். அதற்கு முன் 7 மணி நேரத்தில் காற்றழுத்தம் 29 மில்லிபார் இறங்கியிருந்தது. மேலிருந்த அழுத்தம் தளர்ந்ததும், மண்ணில் தேங்கிய வாயு வெளியே பாய்ந்தது.

வழிகள்

திறந்த குழாய்கள்: செலவு குறைவு, மின்சாரம் வேண்டாம். சிறிய, பழைய, வீடுகளுக்குத் தொலைவான மேட்டுக்கு மட்டும் சரி. மீத்தேன் அப்படியே வானில் கலக்கும். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும்.

கம்போஸ்ட் போர்வை: இதில் வளரும் பாக்டீரியாக்கள் மீத்தேனைத் தின்றுவிடும். வாயு குறைந்து மெல்லக் கசியும் இடத்துக்கு நல்லது. கோடையில் காய்ந்து வெடிப்பு விட்டால் பயன் போய்விடும். ஈரம் காக்க ஆள் வேண்டும்.

உறிஞ்சி எரித்தல்: கிணறுபோல் இறக்கிய குழாய்களிலிருந்து ஊதுவிசிறியால் வாயுவை இழுத்து, மூடிய எரிப்பானில் எரிப்பது. மும்பை கோராய் மேட்டை மூடியபோது இந்த வழியைத்தான் எடுத்தார்கள். அளவுக்கு மீறி இழுத்தால் வெளிக்காற்று உள்ளே போய், குப்பைக்குள்ளேயே தீப்பிடிக்கும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் ஆக்சிஜனையும் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்சாரம்: குறைந்தது 10 லட்சம் டன் குப்பை, 12 மீட்டர் ஆழம், மூடிச் சில ஆண்டுகளே ஆகியிருப்பது ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நம் குப்பையில் உணவுக்கழிவு அதிகம். வாயு சீக்கிரம் பெருகி, சீக்கிரம் சரிந்துவிடும். வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு இயந்திரத்தை அரிக்கும் என்பதால் சுத்திகரிப்புச் செலவும் சேரும்.

பயோமைனிங்: பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் செய்வதுபோல் மேட்டையே கிளறிப் பிரித்து அகற்றினால் வாயுவின் ஊற்றே போய்விடும். கிளறும் காலத்தில் தீ ஆபத்துக்கு ஏற்பாடு கட்டாயம்.

கண்காணிப்பு

எந்த வழி எடுத்தாலும், மேட்டுக்கும் வீடுகளுக்கும் இடையே எல்லையில் சோதனைத் துளைகள் வேண்டும். கருவி வாங்கும்போது கவனம்: விலை குறைந்த வினையூக்கிவகைக் கருவி ஆக்சிஜன் இருந்தால்தான் சரியாகக் காட்டும். ஆக்சிஜன் இல்லாத துளைக்குள் அது குறைவாகக் காட்டி ஏமாற்றும். அங்கே அகச்சிவப்புக் கருவியே ஏற்றது. காற்றழுத்தம் இறங்கும் நாளிலும், ஈர மண் மேற்பரப்பை அடைத்துவிடும் மழைக்காலத்திலும் கட்டாயம் அளக்க வேண்டும். வசதியான நாளில் மட்டும் எடுத்த கணக்கை நம்ப முடியாது. மீத்தேன் கீழ் வெடிப்பு வரம்பின் 25 சதவீதத்தை, அதாவது காற்றில் 1.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மூடியபின் குறைந்தது 15 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லியிருந்தன.

என் பரிந்துரை

வீடுகள் நெருங்கிய நடுத்தர மேடு என்றால் உறிஞ்சி எரிப்பதில் தொடங்குங்கள். ஓராண்டு முழுக்க வாயுவை அளந்து, அந்தக் கணக்கு தாங்கினால் மட்டும் மின் இயந்திரம் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் 15 ஆண்டு அளவீட்டுக்கான பணமும், வாயு வரம்பு மீறினால் அன்றே குடியிருப்பவர்களுக்குத் தெரிவிக்கும் கடமையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாத ஒப்பந்தத்தில் நகராட்சி கையெழுத்திடக் கூடாது.