கூடி வாழப் பொது இடம்

முன்னுரை

பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் குடியிருப்பில் வீடு அவரவர்க்கு உரியது. வாசலுக்கு வெளியே உள்ள திறந்தவெளி எல்லார்க்கும் உரியது. அந்தப் பொது இடம் மக்களை எவ்வாறு ஒன்று சேர்க்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பழக்கம் வளரும் வழி

பிறர் வீட்டிற்குச் செல்ல அழைப்பு வேண்டும். மரத்தடிக்குச் செல்ல யாருடைய அழைப்பும் வேண்டாம். எங்கள் மயிலாடும்பாறைப் பக்கத்துச் சிற்றூர்களில் குழாயடியில் குடத்துடன் காத்திருக்கும் பெண்கள், யார் வீட்டில் காய்ச்சல், யார் தோட்டத்தில் களையெடுக்க ஆள் வேண்டும் என்பதை அங்கேயே அறிந்துகொள்கிறார்கள். நாள்தோறும் வர ஒரு வேலை, நிற்க நிழல், உட்காரத் திண்ணை ஆகிய மூன்றும் இருந்தால் முகம் பழகும். முகம் பழகினால் பேச்சு வரும். பேச்சிலிருந்து உதவி பிறக்கும்.

சமத்துவபுரம்

இவ்வுண்மையை உணர்ந்த திட்டமே பெரியார் நினைவு சமத்துவபுரம். தமிழ்நாடு அரசு 1997-இல் இதனை அறிவித்தது. முதலாவது சமத்துவபுரம் மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. ஓர் ஊருக்கு 100 வீடுகள். அவற்றுள் ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, பிறர்க்கு 10 எனப் பிரித்து, சாதிக்கு ஒரு தெரு என்றில்லாமல் கலந்து குடியமர்த்தினர். சமுதாயக் கூடம் போன்ற பொது வசதிகளையும் சேர்த்தே அமைத்தனர். கதவைச் சாத்திக்கொண்டால் அடுத்த வீடும் அயலூர்தானே! ஆகவே வீடுகளைக் கலந்து கட்டுவதோடு, கலந்து பழகவும் இடம் தேவைப்பட்டது.

சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளின் தரைத்தளத்தைத் திறந்த கூடமாக விடும் வழக்கம் 1970-களில் பரவியது. மலாய்க்காரர் திருமணமும் சீனர் இறுதிச்சடங்கும் அக்கூடங்களிலேயே நடைபெறும். நம் தமிழ் மக்களும் அவர்களோடு அங்கே வாழ்கிறார்கள்.

யாருக்குப் பொது?

ஊர் மந்தையும் சாவடியும் பொது என்பர். ஆனால் ஆண்கள் அமரும் சாவடித் திண்ணையில் பெண்கள் உட்காருவதைக் காண்பது அரிது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பொதுக் கிணறும் மறுக்கப்பட்ட காலம் இருந்தது. இடம் திறந்திருந்தும் சிலருக்கு அது மூடியே இருந்தது.

யாக்கோபின் கிணற்றருகே இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார் என்று யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். யூதர் சமாரியரோடு பழகாத காலம் அது. அவளே வியந்தாள், சீடர்களும் வியந்தனர். கிணறு இருவரையும் சந்திக்க வைத்தது. வழக்கத்தை மீறிப் பேசத் துணிந்ததாலேயே உறவு மலர்ந்தது.

முடிவுரை

ஆதலால் புதிய குடியிருப்பு கட்டுவோர் நடுவில் நிழல் தரும் ஒரு திடலை விடட்டும். மாலையில் விளக்கு எரியட்டும். அங்கே எந்தச் சாதியாரும் தயங்காமல் வரட்டும். எங்களைப் போன்ற பெண்களும் அச்சமின்றி அமரட்டும். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பர் பெரியோர். கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தில் எல்லார்க்கும் இடம் வேண்டும்.