மனமும் நாட்பழக்கமும்

உடலுக்கு உணவும் உறக்கமும் வேண்டுமென்பதை எவரும் மறுப்பதில்லை. மனத்திற்கும் அத்தகைய நாட்கடன் உண்டென்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. பாட்டு, நடை, தோட்டம், நூல், சித்திரம் முதலிய பொழுதுபோக்குகளைப் பற்றி மாணாக்கரை வினவினால், "மனம் நன்றாயிருக்கும்போது செய்வோம்" என்பர். மனம் நன்றாயிராதபோதே அவை பெரிதும் வேண்டப்படுவன என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

காஞ்சியினின்று உத்தரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ளது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய சிவத்தலமாதலின் அதன் பெயரைப் பலரும் அறிவர். சென்ற மார்கழியில் அவ்வூரில் எம் மாணாக்கர் ஒருவர் இல்லத்தில் யாம் நான்கு நாள் தங்கினோம். அவர் பருவத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறியவர்; பகலெல்லாம் கதவை அடைத்துப் படுத்திருந்தார்; உண்பதற்கும் பிறர் அழைக்க வேண்டியிருந்தது. அவருடைய பாட்டியாரோ பொழுது புலருமுன் எழுந்து, வாசலைப் பெருக்கிச் சாணநீர் தெளித்து, புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் இடுவார்.

"உனக்கு மனசு இருக்கு, போடுற ஆயா, எனக்கு ஒண்ணுலயும் மனசு இல்ல" என்றார் பேரர். மூதாட்டியார் மறுமொழியை அவர் சொன்னவாறே எழுதுகின்றோம்: "மனசு வந்தாத்தான் கோலம்னா, இந்த வாசல்ல பாதி நாளு கோலமே இருக்காது, கண்ணு. குனிஞ்சு நாலு புள்ளி வச்சா, மனசு பின்னாடியே வரும்."

இவ்விடையில் உளநூலார் கண்ட உண்மை ஒன்று அடங்கியுள்ளது. சோர்வுற்றோன் செயலை விடுகின்றான். செயலை விடவே, அதனால் வரும் சிறு மகிழ்ச்சிகளும் நின்றுவிடுகின்றன. அவை நிற்கச் சோர்வு மிகுகின்றது. 1970-களில் பீட்டர் லூயின்சான் முதலிய அமெரிக்க உளநூலார் இச்சுழலை ஆராய்ந்தனர். அவ்வழிவந்த சிகிச்சை முறையில், விருப்பம் வரட்டுமெனக் காத்திராமல், நோயாளர் தாம் செய்தற்குரிய சிறு செயல்களை நாளும் வேளையும் குறித்து முன்னரே வகுத்துக்கொள்கின்றனர். செயல் முன்னே செல்ல, ஊக்கம் பின்னே வருகின்றது.

கோலத்தை நோக்குக. அதற்கு வேளை உண்டு, அளவு உண்டு, முடிவும் உண்டு. இழை ஒரு புள்ளியைத் தவறினும் உருவம் கெடுமாதலின், கண்ணும் கையும் அதிலேயே நிற்கின்றன. பழங்கவலையை மீண்டும் மீண்டும் அசைபோடும் மனத்திற்குச் சிறிது ஓய்வு கிடைக்கின்றது. மாலைக்குள் மிதிபட்டு அழிவதாதலின் அதற்கு மதிப்பெண் இல்லை, தோல்வியும் இல்லை.

இத்தகைய பழக்கங்கள் கல்விக்குப் பகையென அஞ்சுவார் உளர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வரலாறு அவ்வச்சத்தைப் போக்கும். அங்குப் புள்ளியியற் பேராசிரியராயிருந்த கிப்ட் சிரோமணி (1932–1988) பறவைகளை நோக்கிக் குறித்தலிலும் பழைய கல்வெட்டுக்களைப் படித்தலிலும் ஈடுபட்டவர். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும், நம் வாசற்கோலங்களைக் கணினியியலுக்குரிய இலக்கண விதிகளால் விளக்கி 1974-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். அவர்க்கு முன் அங்கு வேதியியற் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ், ஓய்வு நேரத்தில் செடிகொடிகளைத் தேடித் திரிந்தவர். அரிசீமா என்னும் செடியினத்தில் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆராய்ச்சிப் புகழ் எல்லார்க்கும் வாய்க்குமென யாம் கூறவில்லை; தம் தொழிலுக்குப் புறம்பான ஒன்றில் ஆசை வைத்தமையால் அவர்தம் தொழில் குன்றவில்லை என்பதே கருத்து.

இனி, தொடங்குவார்க்குச் சில கூறுவோம். முதலாவது, செயல் சிறிதாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் படித்தல், ஒரு தொட்டிக்கு நீர் வார்த்தல், நாட்குறிப்பில் நான்கு வரி எழுதுதல் போதும். இரண்டாவது, வேளை மாறாதிருத்தல் வேண்டும், வேளை நிலைத்தால் "இன்று செய்வோமா?" என்னும் வாதம் எழாது. மூன்றாவது, உடலும் அசைதல் நன்று. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வளர்ந்தோர்க்கு வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறி. விரைந்து நடப்பார்க்கு நாளொன்றுக்கு அரைமணியாக ஐந்து நாளில் அது நிறைவெய்தும். கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருத்தலும் பொழுதுபோக்கன்றோ எனின், கோலத்திற்குள்ள அளவும் முடிவும் அதற்கு இல்லை. எழுந்தபின் கையில் நிற்பது யாதென வினவி விடை காண்க.

ஒன்றை மறவாதிருப்போம். பழக்கம் மனத்திற்கு வேலியாகுமேயன்றி, எந்நோய்க்கும் மருந்தாகாது. துயரமும் உறக்கமின்மையும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிப்பின், அல்லது உயிர்மேல் வெறுப்புத் தோன்றின், உடனே மருத்துவரை அணுகுதல் கடன். 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் பேசினால், அரசினரின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாத நாம் இதற்கு நாணுதல் பேதைமை.

எம் மாணாக்கர் கோலமிடக் கற்றாரில்லை. ஆயினும் மூன்றாம் நாள் விடியலில், பாட்டியார் வற்புறுத்தவே, எம்முடன் ஆற்றங்கரைக்கு வந்தார்; ஒரு சொல்லும் பேசாது நடந்தார். மறுநாள் அழைக்குமுன்னே வாசலில் நின்றார். அண்மையில் கல்லூரியில் எம்மைக் கண்டபோது ஒரு குறிப்பேட்டைக் காட்டினார். செய்யாற்றங்கரையில் கண்ட மீன்கொத்தியும் நாரையும் கொக்கும் நாள்வாரியாக அதில் எழுதப்பட்டிருந்தன. மறுதேர்வின் முடிவு இன்னும் வரவில்லை. அது எவ்வாறாயினும், மறுநாள் விடியலில் எழுதுவதற்கு அவரிடம் ஒரு வெற்றுப் பக்கம் இருக்கின்றது. நண்பர்காள், நீவிரும் நாளைக்கென ஒன்றை இன்றே குறித்து வைமின். மனம் பின்னே வரும்.