மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பளத் தொழிலில் நஷ்டம். வங்கிக் கடன், நகைக் கடன், தண்டல் எல்லாம் சேர்த்து 6 லட்சம். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். நாம் மஞ்சள் நோட்டீஸ் என்பது 1920-ம் ஆண்டு மாகாணத் திவால் சட்டப்படி நீதிமன்றத்தில் போடும் மனு. போட்ட அன்றே கடன் தீர்ந்துவிடாது. திவாலானவர் என்று அறிவித்தால் சொத்து நீதிமன்றத்தின் கைக்குப் போய்விடும். அடகு நகை மீது வங்கிக்குள்ள உரிமையோ அப்படியே இருக்கும்.

முதலில் ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று எழுதுங்கள். வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாத கடனையும்தான்! அதோடு மாவட்ட முன்னோடி வங்கியின் நிதிசார் கல்வி மையத்துக்குப் போங்கள், ஆலோசனை இலவசம். தவணை 90 நாள் தாண்டினால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதிவிடும். அதற்கு முன்பே மேலாளரிடம் தவணையை நீட்டித்துத் தரக் கேளுங்கள். தருவது அவர் முடிவு, கேட்பது உங்கள் உரிமை.

தண்டல்காரர் மிரட்டினால் 2003-ம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் மறக்கவில்லை. தனியாகச் சுமக்காதீர்கள், நாளைக்கே நோட்டோடு கிளம்புங்கள்.