பழைய கார்களும் பஸ் காசும்

1990களில் பெற்றோல் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் இன்னும் எமது ஊர்களில் உண்டு. அவற்றை மைதானத்தில் நிரையாக நிறுத்தி, நுழைவுச்சீட்டு விற்று, புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்கு உதவ ஓர் இளைஞர் குழு விரும்புகிறது என வைத்துக்கொள்வோம். நல்லது. ஆனால் சேரும் பணம் எதற்கு?

2011இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே 27 நாட்கள், சுமார் 670 கிலோமீற்றர் நடந்து நிதி சேர்த்தவர்களுக்கு விடை முன்பே தெரிந்திருந்தது: தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை.

சிறு குழுவால் வைத்தியசாலை கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், பஸ் இலவசமல்ல. பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் நீளும். மகரகமவுக்குப் போகும் தாய்க்குத் தங்குமிடம், சாப்பாடு. தகப்பனுக்கோ நாட்கூலி இழப்பு. கடன் ஏறும்போது, பிள்ளையும் ஓடி விளையாடத் தொடங்கினால், 'சுகம்தானே' என்று இடையில் நிறுத்திவிடுவோர் உண்டு. அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்க இது போதும்.

சோடனைக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்குப் போடுமுன் இதற்குப் போடுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் விளம்பரத்தில் போடவேண்டாம்.

கலந்துரையாட: எமது கிராமத்திலிருந்து ஒரு தாயும் பிள்ளையும் மகரகமவுக்கு ஒருமுறை போய்வர எவ்வளவு முடியும்?