பழைய லேப்டாப்பில் பயாஸை மாற்றும் முன்

2011-இல் தொடங்கி, தமிழக அரசு தன் எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்புகளில் சில சீர்காழி வீடுகளில் இன்றும் உழைக்கின்றன. ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். ‘பயாஸை அப்டேட் செய்தால் வேகம் கூடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேகத்துக்கு எஸ்எஸ்டி போடுங்கள். தேதியும் நேரமும் தினமும் தவறினால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரிதான் தீர்ந்திருக்கும்; அதை மாற்றினால் போதும்.

புதிய பாகத்தை ஏற்க மறுக்கிறது, பாதுகாப்புக் குறை திருத்தப்பட்டிருக்கிறது என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் பயாஸில் கை வையுங்கள். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் மாடலும் பயாஸ் பதிப்பும் தெரியும். அதே மாடலுக்குத் தயாரிப்பு நிறுவனமே வெளியிட்ட ஃபைல் மட்டுமே ஏற்றது. நிறுவனம் கைவிட்ட மாடல் என்றால், கடைசியாக வந்த பதிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து மாடலின் ஃபைலை ஏற்றினால் மெஷின் எழாமலே போகலாம்.

அப்டேட் நடுவில் கரண்ட் போவதுதான் பெரிய கவலை. 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கண்ட ஊர் சீர்காழி. மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். பழைய பேட்டரி சார்ஜ் தாங்காது, பல லேப்டாப்புகள் பேட்டரி குறைவாக இருந்தால் அப்டேட்டைத் தொடங்கவே விடாது. நல்ல பேட்டரி போட்டு, சார்ஜரும் செருகி, முடிந்தால் யுபிஎஸ்ஸில் இணையுங்கள். படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

அப்டேட் பாதியில் நின்று திரை கறுத்துவிட்டதா? பயாஸ் சிப்பில் புரோகிராமர் கருவியால் மறுபடி எழுதத் தெரிந்த சர்வீஸ் கடையைத் தேடுங்கள். மதர்போர்டையே மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்.