பாடம்: ஆய்வுக்கு வருபவரும் நாமும்



சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊராட்சியில் ஒரு திட்டம் எப்படி நடந்திருக்கிறது என்று மதிப்பீடு செய்ய ஒருவர் வந்தார். காலை 11 மணிக்குக் கார் வந்து நின்றது. கூட்டமைப்புக் கட்டிடத்தில் உட்காரவைத்தோம். ஊக்குநர், பிரதிநிதி என்று ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்தோம். டீ, பிஸ்கட் ஆனது. தீர்மான நோட்டைப் புரட்டினார், நல்லா இருக்கு என்றார், 1 மணிக்குக் கிளம்பிவிட்டார்.

ஆம்பூர் பக்கத்தில் காலை 11 மணிக்கு யார் ஊரில் இருப்பார்கள்? ஷூ கம்பெனி பஸ் விடிந்ததும் வந்து பாதி உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். மீதிப் பேரில் பலர் வீட்டுத் திண்ணையில் குனிந்த தலை நிமிராமல் ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து வந்தால் அன்றைய கணக்கு குறையும். இந்த இரண்டு கூட்டத்தாரையும் அவர் பார்க்கவே இல்லை. "அவர் கேக்கல, நாங்களும் சொல்லல" என்று பிறகு பேசிக்கொண்டோம். தப்பில் பாதி எங்களுடையதுதான்.

இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. ஒரு வேலையை எப்படிச் செய்யலாம் என்று வழி சொல்பவர் ஆலோசகர். செய்த வேலையால் யாருக்கு என்ன பலன் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்து எழுதுபவர் மதிப்பீட்டாளர். சில சமயம் ஒரே ஆள் இரண்டையும் செய்வார். யார் செய்தாலும் அவர் எழுதுவதை வைத்துத்தான் அடுத்த பணம் வரும், அல்லது நிற்கும்.

நம்ம பகுதிக்கும் இந்தப் பாடத்துக்கும் பழைய உறவு உண்டு. 1973-74இல், இது ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தபோது, நெல் விவசாயம் எப்படி மாறுகிறது என்று பார்க்க இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து கிராமங்களில் ஆய்வு செய்தன. அதில் வேலை செய்த ராபர்ட் சேம்பர்ஸ் என்பவர் 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியிலிருந்து கிராமத்துக்கு வருபவர் கண்ணில் எது படும், எது படாது என்பதை அதில் விளக்கினார். தார் ரோட்டு ஓரம்தான் படும், உள்ளே இருக்கும் காலனி படாது. ஆண்கள் பேசுவது கேட்கும், பெண்கள் பேசுவது கேட்காது. மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை, ரோடு காய்ந்த பிறகுதான் வருவார்கள். திட்டம் நன்றாக நடந்த இடத்தைத்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். படித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவருடைய பட்டியலில் கம்பெனி பஸ் இல்லை, அதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றிலும் கிணற்றிலும் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவர்தான் அதற்கான செலவைக் கொடுக்கவேண்டும் என்றது நீதிமன்றம். பாதிப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைத்தார்கள். அந்த ஆணையம் 2001 மார்ச்சில் கணக்குச் சொன்னது. 7 தாலுக்காக்களில் 15,164 ஹெக்டேர் நிலம், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், கொடுக்கவேண்டியது 26 கோடியே 82 லட்சம் ரூபாய்.

பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மதிப்பீட்டுப் பாடம் படிக்கிறவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும். அந்த நிலத்தில் நாற்று நட, களை எடுக்கக் கூலிக்குப் போன பெண்ணுடைய இழப்பு எந்த ஹெக்டேரில் வரும்? கிணறு கெட்டபிறகு இரண்டு மைல் தள்ளிக் குடம் சுமந்தவளுடைய நேரம் எத்தனை ரூபாய்? பட்டா இருக்கிறவர் இழப்புக்குக் காகிதம் உண்டு. மற்றவர் இழப்பு யாராவது கேட்டு எழுதினால்தான் உண்டு.

எழுதினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கும் அதே தீர்ப்பில் உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் பீஸ் மெம்பர்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளைப் பார்த்தது. அதில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் தண்ணீருக்காக மைல் கணக்கில் நடப்பதையும் எழுதி வைத்தது. அந்த எண்ணும் அந்த நடையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே ஏறிவிட்டன.

விஷயம் இதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து, எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது என்று தணிக்கை செய்யவேண்டும், அந்தக் குழுவில் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் இருக்கவேண்டும் என்றது. அதாவது கேட்பதற்கு ஆள் வருவார்கள். வந்தால் கையில் என்ன வைத்திருப்போம்?

எங்கள் கூட்டமைப்பில் நாங்கள் செய்துபார்த்ததைச் சொல்கிறோம். ராத்திரி 8 மணிக்கு, கம்பெனி போனவர்கள் வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு, தெருவிலே கோலமாவால் ஊரின் படம் போட்டோம். கோயில், பள்ளிவாசல், ஓடை, தோல் ஷாப், எல்லாக் கிணறும், எல்லாக் குழாயும். ஒவ்வொரு கிணற்றுக்கும் அது நல்ல தண்ணியாக இருந்தது எந்த வருடம் வரை என்று வயதான அம்மாக்களைக் கேட்டோம். அவர்களுக்கு வருடம் நினைவில்லை, "பெரியவளுக்குக் காது குத்தின வருஷம் வரைக்கும் குடிச்சோம்" என்றார் ஒருவர். அது போதும். பெரியவள் வயதை வைத்து வருடம் பிடித்துவிடலாம்.

பிறகு 12 கட்டம், 12 மாதம். வெளித் தண்ணீர் வாங்கிய நாட்களுக்குத் தகுந்தமாதிரி புளியங்கொட்டை வைக்கச் சொன்னோம். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள்தான் முதலில் கை நீட்டினார்கள். சித்திரை, வைகாசிக் கட்டம் குவிந்துவிட்டது. இதையே ஒரு தாளில் வரைந்து, தேதி போட்டு, வந்திருந்த எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம்.

டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இரவல் வாங்கி அளந்தும் பார்த்தோம். குடிதண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் உப்பு இருக்கவேண்டும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஒரு எச்சரிக்கை: இந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். குரோமியம் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்குத் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்பவேண்டும். மீட்டர் எண் குறைவு என்பதால் தண்ணி சுத்தம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அன்று ராத்திரி இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவருடைய வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் வேலை செய்கிறார். "தண்ணி கெட்டதுன்னு நான் சொன்னா, சோத்துல மண்ணு விழும் அக்கா" என்றார். எங்களிடம் பதில் இல்லை. கெடுத்ததும் அந்தத் தொழில்தான், சோறு போடுவதும் அதுதான். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மறுநாள் ஒருவர் மட்டும் தனியாகப் போய், பேர் எழுதாமல் கேட்டுவந்தார். அவர் சொன்னதுதான் எல்லோரையும்விட விவரமாக இருந்தது. நம் உறுப்பினர்கள் சிலர் சமுதாய வளப் பயிற்றுநராக வேறு ஊருக்குப் போகிறீர்கள். அங்கே நீங்கள்தான் காரில் வந்தவர். கூட்டத்தில் பேசாதவரை மறுநாள் தேடிப்போங்கள். பேர் வேண்டாம் என்றால் பேர் எழுதாதீர்கள்.

இனி ஆய்வுக்கு யார் வந்தாலும் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்கவேண்டிய சில உண்டு. உங்களை அனுப்பியது யார், பணம் கொடுப்பது யார்? அறிக்கை யாரிடம் போகும்? எழுதியதை எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டுவீர்களா, தப்பு இருந்தால் திருத்துவீர்களா? மரியாதையாகவே கேட்கலாம், "சார், தெரிஞ்சிக்கலாம்னு கேக்கறோம்" என்று. இப்போது வருகிறவர்களிடம் கேட்கிறோம். ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர் மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிக்கையோடு வந்து, உட்கார்ந்து படித்துக் காட்டினார். வீட்டில் அப்பர் தைப்பவர்களின் எண்ணிக்கை அதில் தப்பாக இருந்தது, அங்கேயே அடித்துத் திருத்தினார்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கான வேலை: உங்கள் தெருவில் உள்ள கிணறு, குழாய் எல்லாவற்றையும் கோலமாவால் வரையுங்கள். கூட்டத்தை ராத்திரி 8 மணிக்கு வையுங்கள். வராதவர்கள் யார் என்பதையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். வரைந்த தாளின் நகலை மாதக் கடைசிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுக்கவும்.