லைசென்ஸ் வந்தாச்சு, எந்த ஆஸ்பத்திரியில் சேர்வது?

தூத்துக்குடியிலிருந்து நர்ஸிங் முடித்து வெளிநாடு போகிற பிள்ளைகளில் பலர், அந்த நாட்டு லைசென்ஸ் கைக்கு வந்ததுமே முதலில் வந்த ஆஃபரில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் கடன் நிற்கும்போது அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு பத்து நாள் பொறுங்கள். அதற்குள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

1. பணம் கேட்கிறார்களா, பாருங்கள்

2014 ஜூலையில், ஈராக்கின் திக்ரித்தில் சண்டைக்கு நடுவே சிக்கிய 46 நர்ஸுகள் கொச்சியில் வந்து இறங்கினார்கள். கேரளப் பிள்ளைகளோடு நம் தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனும் சம்பள பாக்கியும் இருந்ததால், குண்டுச் சத்தம் கேட்ட பிறகும் ஊர் திரும்பத் தயங்கியவர்கள் அவர்களில் உண்டு. கடன்பட்டுப் போன இடத்தை விட்டு அவ்வளவு சுலபமாகக் கிளம்ப முடியாது.

அடுத்த ஆண்டே குவைத், சவுதி உட்பட 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸுகளுக்கு எமிக்ரேஷன் அனுமதி கட்டாயமானது. பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பிரிட்டன் வேலைக்கு அதுவும் கூடாது. ஆள் எடுக்கும் செலவு ஆஸ்பத்திரியைச் சேர்ந்தது. சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. ஏஜென்டைப் பார்க்கும் முன் அங்கே விசாரியுங்கள்.

2. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள்

பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், மாதம் போகப் போக அந்தத் தொகை குறையுமா என்பது அங்கேதான் இருக்கும். பிரிட்டனில் உங்கள் விசா, உங்களை வேலைக்கு எடுத்த ஆஸ்பத்திரியோடு கட்டுப்பட்டது; மாற வேண்டுமானால் அடுத்த ஆஸ்பத்திரி புதிதாக ஸ்பான்சர் செய்ய வேண்டும்.

3. வார்டைப் பற்றிக் கேளுங்கள்

சம்பளத்தைவிட எனக்கு இதுதான் பெரிது. நான் போன இடத்தில் இரண்டாவது வாரமே ஆறு நோயாளிகளை என் ஒருத்தர் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இன்ஃப்யூஷன் பம்ப் அலறியது. அந்த மாடலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பொத்தான்மேல் விரலை வைத்தபடி நின்றேன், அழுத்தத் துணிவில்லை. பக்கத்து வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் ஓடி வந்து நிறுத்தினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பல நாள் தூக்கம் போயிற்று.

ஆகவே இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்கள்: எத்தனை வாரம் என்னை டியூட்டி ஆள்கணக்கில் சேர்க்காமல் பழக்குவீர்கள்? எனக்கென்று ஒரு சீனியர் இருப்பாரா? ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகள்? நம்மூரில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பெரும்பாலும் நோயாளியின் சொந்தக்காரர்கள். அங்கே அதுவும் வார்டின் வேலை. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முத்துக்குளித்த காலத்தில் கடலுக்குள் இறங்குகிறவர், மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவார் என்று நம் கடற்கரைப் பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் கயிற்றை யார் பிடிப்பார் என்று தெரியாத வார்டில் இறங்காதீர்கள். முதியோர் இல்லங்கள் பலவற்றில் இரவில் நர்ஸ் ஒருவர்தான் இருப்பார்; முதல் வேலைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே ஐசியூவிலோ டயாலிசிஸிலோ பழகியிருந்தால் அதே பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

4. அங்கே இருப்பவரிடம் பேசுங்கள்

அந்த வார்டில் இப்போது வேலை பார்க்கும் ஒருவரின் நம்பரை ஆஸ்பத்திரியிடமே கேளுங்கள். வீட்டு வாடகை போக மாதம் என்ன மிஞ்சுகிறது, போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை இதையெல்லாம் கேட்டு முடிக்கும் வரை, ‘எப்போ கிளம்புற?’ என்று அவசரப்படுத்தாதீர்கள்.